கசந்த சுரைக்காய்

எங்கள் வீடு திருவொற்றியூரில். கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. பாக்கெட் பானங்களை நிறுத்திவிட்டு, காலையில் அவருக்குச் சுரைக்காய்ச் சாறு கொடுக்கத் தொடங்கியிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார்.

"இன்னாமே, இப்டி கசக்குது?"

"இயற்கைன்னா கசக்கத்தான்யா செய்யும், குடி" என்றேன். எனக்காக இன்னும் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் விடாத வாந்தி. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம்.

"கசக்கிற சுரைக்காய் விஷம்மா. முழுசா குடிச்சிருந்தா ஆபத்தாயிருக்கும்" என்றார் டாக்டர். நான் அழுதேன். "நீ இன்னா தெரிஞ்சா குடுத்த? வுடு" என்றார் கணவர், குளுக்கோஸ் ஏறும் கையோடு.

இப்போதும் சுரைக்காய் வாங்குகிறேன். பச்சையாகச் சாறு பிழிவதில்லை. நறுக்கியதும் ஒரு துணுக்கை என் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். துளி கசந்தாலும் துப்பிவிட்டு, முழுக்காயையும் குப்பையில் போட்டுவிடுகிறேன்.