கம்பளி அறையில் இரண்டு குரல்

ஜன்னல் கம்பியில் நான்காவது கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் நுனியைத் துணி கிளிப்பால் கவ்வ வைத்துக்கொண்டிருந்தார் ஜீவராணி. இரண்டு கம்பளி அவருடையவை. இரண்டு பக்கத்து வீடான எங்கள் வீட்டில் இரவல் வாங்கியவை. வாயில் இன்னும் சில கிளிப்புகள் இருந்தன. அவற்றின் இடுக்கு வழியாகவே உத்தரவு வந்தது.

"அக்கா, நீங்க அந்த மூலையில ஒக்காருங்க. ஒங்கள மாதிரி ஒரு ஆளு இருந்தா எதிரொலி கொறையுது."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் மூலையில் போய் உட்கார்ந்தேன். கம்பளிகளின் வேலையில் பாதியை நான் செய்கிறேன் என்பது அவருடைய கணக்கு.

அடுத்து பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு ஸ்டூலில் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். இதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கடிகாரம் பின்தங்கிப் போகும். மறுபடி சரிசெய்ய யாருக்கும் ஞாபகம் இருக்காது. புதன்கிழமை வரைக்கும் அந்த வீட்டில் மணி கேட்கிறவர்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். கடைசியாகக் கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஒரு கோப்பைக்குள் போட்டு, ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டார். தொண்டை தயார்.

தலவாக்கலைக்கு மேலே, தேயிலை பெக்டரியை ஒட்டிய உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ் அது. மற்ற நாட்களில் கொழுந்தை வாட்டும் விசிறிகளின் இரைச்சலில் சட்டியில் கடுகு வெடிப்பதுகூடக் கேட்காது. ஞாயிறன்று கொழுந்து வராது, விசிறியும் ஓயும். அந்த அமைதியில்தான் சீனாவில் இருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கேட்கப் பழக்கும் பாடங்களைப் போனில் பதிவுசெய்யும் வேலை நடக்கிறது.

வேலை வந்த விதம் வேடிக்கையானது. செங்டு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் மிஸ் லின் என்கிற பெண், விடுமுறையில் மலை ரயில் பார்க்க வந்து நானுஓயா ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறார். நுவரெலியா வேன்காரர் இருவர் அவருடைய பையின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜீவராணி குறுக்கே போய், வேன்காரர்களுக்குத் தமிழிலும் ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சிங்களத்திலும் லின்னுக்கு ஆங்கிலத்திலும் நியாயம் பேசி முடித்திருக்கிறார். வேனில் ஏறும்போது லின் திரும்பி, "என் பிள்ளைகள் உங்கள் குரலைக் கேட்க வேண்டும்" என்றாராம். அந்தப் பிள்ளைகள் அதுவரை லண்டன் குரலையும் அமெரிக்கக் குரலையும் மட்டுமே கேட்டுத் தேறியவர்கள். வேலைக்குப் போகும் இடத்தில் பேசப்போகிறவர்கள் லண்டன்காரர்களாக இருக்க மாட்டார்கள் என்பது லின்னின் கட்சி.

"அப்ப என் இங்கிலீசு நல்லா இருக்குன்னு எடுக்கல. நாலு பேரு பேசுற மாதிரி இருக்குன்னுதான் எடுத்திருக்காங்க," என்று சொல்லி ஜீவராணி சிரிப்பார். ஹட்டனில் கான்வென்ட் சிஸ்டர்மாரிடம் படித்த ஆங்கிலம். பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் இருபது வருடத்துக்கு மேலாக அதைத்தான் படிப்பித்து வருகிறார். சீனப் பிள்ளைகள் வாசித்து அனுப்பும் குரல் பதிவுகளை போஞ்சி நறுக்கிக்கொண்டே கேட்பார். "நம்ம புள்ளைங்களும் அவங்களும் ஒரே ஜாதி அக்கா. கடைசி எழுத்த முழுங்கிப்புட்டு, தண்ணி குடிச்ச மாதிரி நிப்பாங்க." ஒரு மாணவன், நான்காம் பாடத்தில் பின்னணியில் கூவும் பறவை எது என்று கேட்டு எழுதியிருந்தான். அது முருங்கை மரத்துக் கொண்டைக்குருவி. அடுத்த ஞாயிறு அதை விரட்டப் போன என்னைத் தடுத்துவிட்டார். "இருக்கட்டும் அக்கா. அந்தப் பையன் தேடுவான்."

பாடத்தின் அமைப்பு எப்போதும் ஒன்றுதான். ஆண் ஒன்று சொல்வான், பெண் ஒன்று சொல்வாள். பிறகு ஒரு கேள்வி. பிறகு கொஞ்ச நேரம் மௌனம். பிள்ளைகள் யோசித்துப் பதில் எழுதுவதற்கான நேரம் அது. அப்போது ஜீவராணி வலது உள்ளங்கையை எங்களை நோக்கி உயர்த்துவார். அந்தக் கை இறங்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது, இருமக் கூடாது. மௌனத்தை நானே கணினியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று லின் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. இவர் கேட்பதில்லை. "வெட்டி ஒட்டுற அமைதி வேற. ஆளு மூச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற அமைதி வேற. தனக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியணும்ல?"

ஆண் குரல் அவருடைய கணவர் கஜேந்திரன். பெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர். வாழ்நாள் முழுதும் ரோலர் இயந்திரங்களுக்கு மேலாகக் கத்திப் பேசியவர், கம்பளி அறையிலும் அப்படியே பேசுவார். டிசம்பரில் ஓய்வு பெறப் போகும் இந்த வழுக்கைத் தலையர், பாடங்களில் ஜாக் என்கிற பத்தொன்பது வயது மாணவன். ஜாக் நூலகப் புத்தகத்தைத் தொலைப்பான், வகுப்புக்குப் பிந்தி வருவான், மேரியைப் படத்துக்குக் கூப்பிடுவான். "மேரி, இன்று மாலை உனக்கு நேரம் இருக்கிறதா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டால், தோட்டத்துத் துரைக்குக் கொழுந்துக் கணக்கு ஒப்பிப்பது போல இருக்கும். மேரியாகிய ஜீவராணி மிகவும் இனிமையாக, "மன்னிக்கவும், எனக்கு ரசாயன வகுப்பு இருக்கிறது," என்பார்.

கடந்த சில மாதங்களாக அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

காரணம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் இருக்கும் தன் தம்பி வீட்டு மாடிக்கு வருவதாகக் கஜேந்திரன் வாக்குக் கொடுத்துவிட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, ஜீவராணிக்குக் கண்டிப் பக்கம் இடமாற்றமும் பேசி வைத்தார். ஜீவராணிக்கு அது பாடசாலைக் கேட்டில் வைத்துத்தான் தெரிந்தது. இளம் டீச்சர் ஒருத்தி, "மிஸ், கண்டிக்குப் போறீங்களாமே, பார்ட்டி எப்போ?" என்று கேட்டிருக்கிறாள்.

"கண்டியில எனக்குத் தெரிஞ்சது தலதா மாளிகையும் பல்லு ஆஸ்பத்திரியும்தான்," என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். அழவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் கணவரோடு தமிழை நிறுத்திக்கொண்டார். தலவாக்கலைக் கடைவீதியில், ஸ்டேஷனைப் பார்த்தபடி ஒரு மாடி வீடு வாடகைக்கு இருக்கிறது. பாடசாலை பஸ் வாசலிலேயே நிற்கும். அதை அவர் ஆசையாகப் போய்ப் பார்த்து வந்ததை நான் அறிவேன். கணவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கஜேந்திரனுக்கு பிளேன்டீ குடிக்கும்போது சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்க வேண்டும். தேயிலையின் ருசி தெரிய வேறு வழியில்லை என்பார். முன்பெல்லாம் ஜீவராணிதான் கையில் சீனி வைப்பார். இப்போது சீனி ஒரு தட்டில் வருகிறது, தட்டு மேசையில் இருக்கிறது, மேசையருகே ஆள் இல்லை. செய்தி ஏதாவது இருந்தால் என் வழியாகப் போகும். "அக்கா, டீமேக்கர் ஐயாவ வரச் சொல்லுங்க." டீமேக்கர் ஐயா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் லின் ஒரு புது வேலை கொடுத்தார். கடைசிப் பாடத்துக்கான உரையாடலை ஜீவராணியே எழுத வேண்டும். சொற்களை லின் அனுப்பினார்: வாடகை, அயலவர், முடிவு, சம்மதம், இப்படி. ஜீவராணி எழுதி முடித்தபோது ஜாக்கும் மேரியும் கல்யாணமாகி நடுத்தர வயதை எட்டியிருந்தார்கள். ஜாக் மேரியைக் கேட்காமல் ஒரு வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடுகிறான். மேரி ஏன் என்கிறாள். ஜாக் சொல்கிறான்: "ஐ ஆம் சாரி, மேரி. முதலில் உன்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்." பிறகு கேள்வி: ஆண் எப்படி உணர்கிறார்? கோபம், அலுப்பு, வருத்தம், மகிழ்ச்சி. இதில் ஒன்றைப் பிள்ளைகள் தெரிவு செய்ய வேண்டும்.

தாளைக் கையில் வாங்கிய கஜேந்திரன் அதை இரண்டு தரம் வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் கம்பளியைப் பார்த்தேன். பிறகு ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளிவிட்டு வெளியே போனார். பதிவும் சீனாவுக்குப் போய்விட்டது.

இந்த ஞாயிறு அது திரும்பி வந்திருந்தது. லின்னின் குரல் பதிவைப் போனில் போட்டுவிட்டு, ஜீவராணி எனக்கு மொழிபெயர்த்தார். முகம் என் பக்கம், குரல் மட்டும் கணவருக்கும் கேட்கும் அளவில்.

"கேளுங்க அக்கா. மிஸ் லின் அவங்க வகுப்புல போட்டுக் காட்டினாங்களாம். முக்கால்வாசிப் புள்ளைங்க 'அலுப்பு'ன்னு எழுதியிருக்காங்க. மிச்சப் பேரு 'கோபம்'. ஒரே ஒரு பொம்பளப் புள்ள 'வருத்தம்'னு போட்டிருக்கு. எப்பிடிம்மா கண்டுபிடிச்சேன்னு கேட்டா, சும்மா குத்துமதிப்பா போட்டேன்னு சொல்லுச்சாம்."

நான் சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்தது. கஜேந்திரனுக்குக் காது மடல் சிவந்தது.

"சீனாவுல ஒக்காந்திருக்கிற புள்ளைக்கு என் மனசுல என்னா இருக்குன்னு எப்பிடிங்க தெரியும்?" என்று என்னிடம் முறையிட்டார்.

"காது இருக்குல்ல அக்கா. காது இருக்கிறவங்களுக்குத் தெரியும்னு ஐயாகிட்டச் சொல்லுங்க," என்றார் ஜீவராணி. "திரும்ப எடுக்கணும். இல்லன்னா அந்தப் பாடத்தையே எடுத்துருவாங்க."

முதல் தடவை கஜேந்திரன் வாசித்தபோது கம்பளி அதிர்ந்தது. "கங்காணிய வெரட்டுற மாதிரி இருக்கு," என்று ஜீவராணி காற்றைப் பார்த்துச் சொன்னார். இரண்டாம் தடவை மெதுவாகத்தான் ஆரம்பித்தார். 'சாரி' என்ற இடத்துக்கு வரும்போது நானுஓயாப் பக்கம் ஏறும் ரயில் கீழே ஊதியது. அது வளைவு தாண்டும் வரைக்கும் மூன்று பேரும் காத்திருந்தோம். பேச எதுவும் இல்லாத மூன்று பேர் ஒரு சிறிய அறையில் ரயிலுக்குக் காத்திருப்பது நீண்ட வேலை. அதற்குள் கஜேந்திரன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். டிசம்பருக்குப் பிறகு விசிறிச் சத்தம் இல்லாத ஒரு வீட்டில் இந்தப் பேசாத பெண்ணோடு இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்ததோ என்னவோ.

ஜீவராணி போனில் சிவப்புப் புள்ளியைத் தொட்டார்.

மேரி ஏன் என்று கேட்டாள். கத்திப் பழகிய அந்தத் தொண்டையிலிருந்து, கம்பளியைத் தொடக்கூட வலு இல்லாத ஒரு குரல் வந்தது. "ஐ ஆம் சாரி." அடுத்து 'மேரி' என்று சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார். "முதலில் உன்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில், தாள் இல்லாமல், மனைவியின் முகத்தைப் பார்த்து.

ஜீவராணியின் குரல் பிசகவில்லை. சீனப் பிள்ளைகளுக்கான கேள்வியை ஒவ்வொரு சொல்லும் தனித்து விழும்படி கேட்டார்: ஆண் எப்படி உணர்கிறார்? வலது உள்ளங்கை உயர்ந்தது. வெளியே கொண்டைக்குருவி ஒரு தடவை கூவி நிறுத்தியது.

அந்த மௌனத்தில் யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

"ராணி," என்றார் கஜேந்திரன் தமிழில். "தம்பி நாளைக்குப் போன் எடுப்பான். வர்றோம்னு சொல்லட்டா, வரலைன்னு சொல்லட்டா? நீ என்னா சொல்றியோ அதான்."

பதிவு கெட்டுப் போயிற்று. மற்ற நாளாக இருந்தால் உச்சுக்கொட்டிக்கொண்டு உடனே அழித்திருப்பார். இன்றைக்குப் போனைத் தொடவில்லை. அதில் நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. உயர்த்திய கையை இறக்காமலே எழுந்தார். வளையல் கோப்பையை இடது கையால் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, வாசலில் தொங்கிய கம்பளியைத் தோளால் விலக்கினார். யோசிக்கும் முறை இப்போது அவருடையது. திரும்பிப் பார்க்கவில்லை. கஜேந்திரன் மூச்சைப் பிடித்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். கம்பளிக்கு அந்தப் பக்கம் கடைசியாக மறைந்தது, எங்களை நோக்கி இன்னும் உயர்ந்தே இருந்த அந்த உள்ளங்கை.