வெள்ளை ஜெர்சியில் மஞ்சள்

நான் சிட்னி மேற்கில ஒரு ரக்பி கிளப்பில உடுப்புத் தோய்க்கிறனான். பெரிய மிஷின்கள். சேறு, புல், ரத்தம், எல்லாம் போகும். விளையாட்டைப் பற்றி முதல் ஒண்டும் தெரியாது. முட்டை மாதிரி ஒரு பந்து. அதை வைச்சிருக்கிறவனை மற்றவங்கள் விழுத்தோணும். அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஸ்கொட்லாந்தில இருந்து ஒருத்தன் வந்தான். மாடு மாதிரி உடம்பு. சிவத்தத் தாடி. தகப்பன் அங்க பஸ் ஓட்டுறார். இவன் சின்ன வயசிலயே இங்கிலாந்துக்குப் போய், சின்னச் சின்னக் கிளப்புகளில காசுக்கு விளையாடினவன். தன்ர நாட்டு அணிக்கும் ஆடினவன். ஆனா இந்த விளையாட்டுக்குப் பெரிய இடம் சிட்னி. இஞ்ச முதலாம் அணியில ஆடினாத்தான் ஆட்டக்காரன் எண்டு அவனுக்கு ஒரு நினைப்பு.

அவன்ர இங்கிலீஷ் கிளப்பில ஆருக்கும் விளங்காது. என்ர இங்கிலீஷும் விளங்காது. நாங்கள் ரெண்டு பேரும் நல்லாக் கதைப்பம். பயிற்சி முடிய உடுப்புக் கூடைக்குப் பக்கத்தில வந்து குந்துவான். பிளாக்டவுனில எங்கட தமிழ்க் கடைப் பெடியள் என்னைக் கூப்பிடுறதைக் கேட்டிட்டு, அவனும் அங்கிள் எண்டு பிடிச்சிட்டான்.

ரெண்டு வருஷமா அவனை ரெண்டாம் அணியிலதான் வைச்சிருந்தவை. வயசு முப்பது. அந்த சீசனோட ஒப்பந்தம் முடியுது. முதலாம் அணிக்கு எடுக்காட்டி ஒப்பந்தமும் இல்லை, விசாவும் இல்லை.

"போகச் சொன்னாப் போறதுதான், அங்கிள்" எண்டான்.

போக விருப்பம் இல்லை எண்டு முகத்தில தெரிஞ்சது. நான் அடுத்த கூடையை மிஷினுக்குள்ள கொட்டினன்.

கடைசி ஆட்டத்துக்குக் கிட்ட முதலாம் அணியில ரெண்டு பேருக்குக் காயம். இவனை எடுத்தினம்.

அங்க ஒரு வழக்கம். முதல்தரம் முதலாம் அணிக்கு ஆடுறவனுக்கு, ஆட்டத்துக்கு முதல்நாள் எல்லாருக்கும் முன்னால ஒருத்தர் ஜெர்சி குடுக்கோணும். தகப்பனோ தாயோதான் குடுக்கிறது. இவனிட்ட ஆர் எண்டு கேட்க, என்னைக் காட்டினான்.

"எனக்குப் பேச வராது" எண்டன்.

"அதுதான் கேட்டனான். மற்றவை பேசினா நான் அழுதிடுவன்."

ஜெர்சியை வீட்ட கொண்டு வந்தன். மடிச்சு மேசையில வைச்சிட்டுக் குளிக்கப் போனன். வந்து பாக்க, கீழ் மூலையில பெருவிரல் அளவு மஞ்சள். வெள்ளை ஜெர்சி.

"என்னப்பா செய்தனீர்?"

"புது உடுப்பு. மஞ்சள் வைக்காமக் குடுக்கிறதே?" எண்டா என்ர மனிசி. "அந்தப் பிள்ளை முதல் முதல் போடப்போகுது."

"இது டிவியில வாறது."

"வரட்டும். வடிவாத்தான் வைச்சிருக்கிறன்."

மஞ்சள் போகாது. நேரமும் இல்லை. அப்பிடியே கொண்டு போனன்.

எல்லாரும் சுத்தி நிண்டவை. ரெண்டு கையாலயும் குடுத்தன். "விளையாடு" எண்டன். அதுதான் என்ர பேச்சு. கை தட்டிச்சினம். மனேஜர் கண்டிட்டார்.

"உடுப்புத் தோய்க்கிற நீரே கறையோட குடுக்கிறீரோ?"

"கறை இல்லை. எங்கட ஆக்கள் புதுசுக்கு மஞ்சள் வைக்கிறவை. நல்லதுக்கு."

"வேற ஒண்டு தாறம், இதைப் போடவேண்டாம் எண்டு சொல்லும்."

அவன் அதுக்குள்ள தலையைக் குடுத்திட்டான். தாடி ஜெர்சிக் கழுத்தில மாட்டுப்பட்டு நிக்குது. உள்ளுக்குள்ள இருந்து சத்தம் மட்டும் வந்தது. "இதைத்தான் போடுவன்."

தொங்காத் தீவுப் பெடியன் ஒருத்தன், அணியிலயே பெரிய ஆள், முன்னுக்கு வந்தான். "அங்கிள், அவனுக்கு மட்டுமோ? எனக்கு முதுகு முழுக்கப் பூசுங்கோ. அவ்வளவு நோவு."

எல்லாரும் சிரிச்சினம். மனேஜரும் சிரிச்சிட்டார்.

அடுத்தநாள் மனிசியும் மைதானத்துக்கு வந்தவ. மடியில வறுத்த கச்சான் கடலை. முதல் பாதி அவனை வெளிய வாங்கிலயே இருத்தி வைச்சினம். ரெண்டாம் பாதிதான் விட்டவை. இறங்கின உடன ஒருத்தன் பந்தோட இவனைச் சுத்திக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்திட்டான்.

"நான் வைச்ச மஞ்சள் காணாதோ?" எண்டா மனிசி.

"பேசாம இரும்."

அதுக்குப் பிறகு ஒருத்தனையும் விடேல்லை. விழுந்தான், எழும்பினான், திரும்ப விழுத்தினான். முடியிற நேரம் ஒரு தடியன் பந்தோட கோட்டைத் தாண்டிப் பாய்ஞ்சான். பந்து நிலத்தில பட்டா அவங்களுக்குப் புள்ளி, எங்களுக்குத் தோல்வி. இவன் அவனுக்குக் கீழ போய்க் கிடந்து பந்தைத் தாங்கிப் பிடிச்சான். நிலத்தில படேல்லை. விசில் ஊதிச்சு. மனிசி கத்திக்கொண்டு எழும்ப, முன்னால இருந்தவற்ற தலை எல்லாம் கச்சான்.

கிழமை முடியேல்லை, ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் குடுத்தினம். அது பிறகு மூண்டு வருஷமாச்சு. பிறகு முழங்கால் விட்டிட்டுது. இப்ப சின்னப் பெடியளுக்குப் பழக்குறான். இஞ்சதான் இருக்கிறான்.

அந்த ஒரு வருஷ ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்ச அண்டு பின்னேரம் என்னட்ட வந்தான்.

"அங்கிள், உங்கட வான் நிக்குதோ?"

"ஓம். ஏன்?"

"கட்டில் வாங்கோணும்."

ரெண்டு வருஷமா நிலத்தில மெத்தையைப் போட்டுத்தான் படுத்தவனாம். போற ஆளுக்கு என்னத்துக்குக் கட்டில் எண்டு. கடையில இருந்ததுக்குள்ள பெரிசாப் பாத்து எடுத்தம். அவன்ர வீட்டுப் படியில அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. கட்டிலைப் பூட்டி முடியப் படுத்துப் பாத்தான். கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கொண்டு நிண்டது.

"சின்னன்" எண்டன்.

"எனக்கு இது காணும்" எண்டான். கண்ணை மூடிட்டான்.

நான் கதவைச் சாத்திட்டு வந்தன்.