தும்பிக்கை இல்லாத லை

சுடலைமாடன் ஏரல் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மாப்பிள்ளையூரணிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக ஒன்றாம் வகுப்பைத் தவிர வேறு வகுப்பு எடுத்ததில்லை. எடுக்க ஆசைப்பட்டதும் இல்லை.

கை, தை, மை எல்லாம் பிள்ளைகளுக்குச் சுலபமாக வந்துவிடும். எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு போட்டால் போதும். ண, ல, ள, ன என்ற நான்குக்கு மட்டும் அப்போது அந்தக் கொம்பு கிடையாது. எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வரும். அங்கேதான் பிள்ளைகள் அழும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முழுக்க அவருக்கு அந்தத் தும்பிக்கையோடேயே போகும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு மழை தொடங்கியபோது தலைமையாசிரியர் ஜெயசிங் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். எழுத்து மாறிவிட்டது. இனி அந்த நான்குக்கும் மற்றவை போலவே கொம்புதான்.

“உங்க பேர்லயே ஒண்ணு கெடக்கு சார்வாள்,” என்றார் ஜெயசிங்.

“கெடக்கட்டும். நல்ல காரியந்தான். பிள்ளையளுக்கு ஒரு பாடு கொறஞ்சுது.”

மனம் ஒப்புக்கொண்டதைக் கை ஒப்புக்கொள்ளவில்லை. கரும்பலகையில் ‘மாலை’ என்று எழுதத் தொடங்கினால் லகரம் தானாகத் தும்பிக்கையைத் தூக்கிவிடும். முன் பெஞ்சில் சந்தனமாரி எழுந்து நிற்பாள்.

“சார், பழசைப் போட்டுட்டிய.”

அவர் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

சில நாளில் சந்தனமாரியின் அம்மா இசக்கித்தாய் வந்தாள். மழைக்கு உப்பளம் நின்றுபோனதால் வேலை இல்லை.

“அய்யா, என் ரெண்டு பிள்ளையும் இங்கனதான படிக்கு? மூத்தவ பேச்சி அஞ்சாங் கிளாஸ். ‘தப்பு தப்பா எழுதுதே’ன்னு இவ மண்டைல சிலேட்டால அடிச்சிருக்கா. யாரு எழுதுனது சரி?”

“ரெண்டும் சரிதாம்மா. மூத்தவ படிச்சது பழசு. சர்க்கார் இப்ப மாத்திட்டு.”

“அப்போ அவ படிச்சதெல்லாம் வீணா?”

சுடலைமாடன் பேச்சியைக் கூப்பிட்டு, தங்கையின் சிலேட்டைக் காட்டினார். அவள் தடுமாறாமல் வாசித்தாள்.

“வாசிக்க வருதுல்லா? பெறகு எதுக்குளா அடிச்சே?”

“வாசிக்க வருது சார். பாக்கத்தான் நல்லால்ல.”

இசக்கித்தாய் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பழையபடி எழுதினாலும் இந்த ஆண்டு யாருக்கும் தப்புப் போடக் கூடாது என்று அன்று மாலை ஜெயசிங்கிடம் கேட்டார். ஜெயசிங் சுற்றறிக்கையை இன்னொரு தரம் படித்துப் பார்த்து, அதில் அப்படி ஒன்றும் தடை இல்லை என்று சம்மதித்தார்.

மறு ஆண்டு வந்த பிள்ளைகளுக்குப் பழைய ‘லை’யைத் தெரியவே தெரியாது. கொம்பு போடச் சொன்னார், போட்டார்கள். ஒருத்தரும் அழவில்லை. மழைக்காலம் வந்தபோது அந்தப் பாடம் முடிந்து போயிருந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இனி என்ன சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமல் மேசைமேல் கை வைத்து நின்றார்.

“ஏதாவது எழுதுங்க,” என்றார்.

“என்ன எழுத, சார்?”

“வீட்டுல என்ன நடந்துதோ, அதை.”

அவர்களுக்கு அப்படி யாரும் சொன்னதில்லை. அவரும் அதற்குமுன் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு குச்சிகள் கீச்சிட்டன. நல்லக்கண்ணு முதலில் சிலேட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

‘பூனை கருவாட்ட தூக்கிட்டு ஓடிட்டு. அம்மா என்ன ஏசுனா.’

பேசுகிறபடியே எழுதியிருந்தான். திருத்துவதற்காகச் சாக்பீஸை எடுத்தார் சுடலைமாடன்.

“பூனை ஓடுனா உன்னை எதுக்குலே ஏசுனா?”

“நாந்தான் சார் கதவைத் தொறந்து போட்டேன்.”

“அதையும் எழுது,” என்று சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.