மீன் பெட்டிக்குள் நிலநடுக்கமானி

தொண்ணூறுகளில் ஒரு காலை, அடையாறில் எங்கள் ஆய்வுக்கூடத் தோட்டத்துக் குழியில் நானும் நண்பன் சேகரும் ஒரு நிலநடுக்கமானியைப் பொருத்தினோம். வெயிலும் காற்றும் பட்டால் அதன் முள் தாறுமாறாக அலையும். மூடுவதற்குத் தெர்மோகோல் பெட்டி தேடி நொச்சிக்குப்பத்துக்கு ஓடினேன்.

"இன்னாத்துக்குப்பா பெட்டி?" என்று கேட்டார் மீன் விற்ற அக்கா.

"பூமி ஆடுறதைக் கண்டுபிடிக்கிற மிஷினை மூடணும்க்கா."

"அய்ய, பூமியே ஆடுதா? இந்தா, எட்துகினு போ. நல்லா கழுவிக்கோ!"

இருந்த அவசரத்தில் யார் கழுவினார்கள்? அப்படியே கருவியின் மேல் கவிழ்த்து, சுற்றிலும் மண்ணை அணைத்தோம். குழியிலிருந்து கம்பி இழுத்து இணைத்திருந்த முள், அறைக்குள் காகிதத்தில் அமைதியாக நேர்கோடு போட்டது. திடீரென்று லேசாகத் துடித்தது. துடிப்பு வளர்ந்தது. பிறகு எகிறியது!

"மச்சி, நிலநடுக்கம்டா!" என்று கத்தினான் சேகர். கட்டிப்பிடித்துக் குதித்தோம். முள் அதையும் வரைந்தது.

வெளியே ஓடினால், மீன் வாசனைக்கு வந்த பூனை பெட்டியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கோ புல்லரித்தது. முதலில் வந்த அந்த லேசான துடிப்புகள், பூனை நடந்து வந்த அடிகள்! பூனை நடப்பது யாருக்காவது கேட்டிருக்கிறதா?

அன்றிலிருந்து தரையில் கால் வைக்கும்போதெல்லாம், கீழே யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல் எனக்கு ஒரு கூச்சம்.