ஞாயிற்றுக்கிழமைப் பணியாரம்

போன ஞாயிறு ஈஸ்டர் என்கிற உயிர்ப்புப் பெருநாள். பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, மச்சாள் திரேசம்மா வீட்டிலிருந்து ஒரு தட்டம் சர்க்கரை போட்ட பயித்தம் பணியாரம் வந்து இறங்கியது. இவர் தட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வலதுகால் பெருவிரலைப் பார்த்தார்.

அந்த விரலுக்கு ஒரு கதை இருக்கிறது... சொல்கிறேன்.

'இவர்' என்றால் என் வீட்டுக்காரர். தபால் கந்தோரிலிருந்து பென்ஷன் எடுத்தவர். பென்ஷனோடு சலரோகம் என்கிற சர்க்கரை வியாதியும் வந்து சேர்ந்தது. தை மாதம் வேலி அடைக்கும்போது பனைமட்டைக் கருக்கு காலைக் கிழித்தது. சின்னக் காயம். ஆறவேயில்லை.

எங்கள் தீவிலுள்ள ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "ஐயா, இனிப்பை விடாட்டி இந்த விரலை எடுக்கவேண்டி வரும்."

டொக்டர் சொல்லிக் கேட்கிற மனிதரா இவர்? ஆனால் உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலத்தைத் தொடக்கும் விபூதிப் புதன் வந்தது. நெற்றிச் சாம்பலோடு வாசலில் நின்று அறிவித்தார்.

"இஞ்சரும், இந்தத் தபசுகாலத்துக்கு நான் இனிப்பை விட்டிட்டன். ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்தாச்சு."

எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. அந்த உற்சாகத்தில் நானும் ஒன்றை ஒப்புக்கொடுத்தேன் — இவரை ஏசுவதை. முப்பது வருஷப் பழக்கம், லேசான காரியமா?

அன்றிலிருந்து இவருக்கு வெறுந்தேத்தண்ணி. கடித்துக் குடிக்கப் பனங்கட்டித் துண்டுகூட இல்லை. முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தார். நானும் பின்னேரத்தில் உப்புத் தண்ணீரால் காலைக் கழுவி, அருள்நிறை மரியே சொல்லிச் சொல்லிக் கட்டுப்போட்டேன். புண் மட்டும் அப்படியே இருந்தது.

உயிர்ப்புக்கு முந்திய பெரிய வியாழனன்று கோயிலில் பங்குச் சுவாமி பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் இவரும் ஒருவர் — வருஷா வருஷம். கழுவுவது வலதுகால். இந்த வருஷம் அந்தக் காலில் ஐந்து விரல் இருக்குமா?

மூன்றாம் ஞாயிறு. பூசை முடிந்து வழமைபோல "தங்கச்சியை ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்று போனார். அந்தத் தங்கச்சிதான் திரேசம்மா மச்சாள். அவளின் சருவச்சட்டி ஒன்று என்னிடம் இருந்தது. கொடுப்போமே என்று நானும் பின்னால் போனேன். குசினிக்குள் அடுப்போரம் ஒரு கதிரையில் இவர். எதிர்க் கதிரையில் கட்டுப்போட்ட கால். மடியில் தட்டு — நிறையப் பயித்தம் பணியாரம்!

ஆண்டவரைச் சோதித்த பிசாசு கல்லைக் காட்டி அப்பமாக்கு என்றுதான் சொன்னதாம். எங்கள் தீவுப் பிசாசு கெட்டிக்காரன்... பணியாரத்தைச் சுட்டே வைத்துவிடுகிறான்.

"இது என்ன?"

"ஞாயிறு தபசுகாலத்திலை சேராது. விபூதிப் புதனிலையிருந்து பெரிய சனி மட்டும் எண்ணிப் பாரும். ஞாயிறுகளைக் கழிச்சால்தான் நாப்பது. வேணுமெண்டால் சுவாமியைக் கேளும்."

விரல்விட்டு எண்ணினேன். மனிதர் சொன்னது சரி!

"ஓம், எண்ணிக்கை சரிதான். உங்கட புண்ணுக்கும் ஞாயிறு லீவோ?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று கிழமையாக அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. முற்றத்தில் நின்ற கோழிகள்கூட வேலிக்கு அப்பால் போய்விட்டன. நான் ஏசி முடிந்ததும் இவர் கேட்டார்.

"நீர் ஏசுறதை எல்லோ விட்டனீர்? இண்டைக்கு ஞாயிறு எண்டபடியாலோ?"

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

"விரலோடை நிக்குமோ இது? நீங்கள் இல்லாமல் எனக்கு ஏலாது..." என்றேன். முப்பது வருஷத்தில் இதை நான் சொன்னதேயில்லை.

இவர் தட்டைக் கீழே வைத்தார்.

"அழாதேயும். நீர் ஞாயிறிலையும் ஏசாதேயும். நான் ஞாயிறிலையும் தொடமாட்டன்."

ஆண்டவரோடு சட்டம் பேசி லீவு வாங்கலாம். உடம்போடு பேச முடிகிறதா? அதற்குக் கலண்டர் வாசிக்கத் தெரியாது.

பிறகு புண் மெல்ல மெல்லக் காய்ந்தது. பெரிய வியாழனன்று கட்டில்லாமல் காலை நீட்டினார். சுவாமி தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டார். ஐந்து விரலும் இருந்தன. முக்காட்டுக்குள் நான் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அதுவும் பக்திதானே?

சரி, தட்டத்துக்கு வருவோம். தபசுகாலம் முடிந்துவிட்டது. இனி இவர் தின்னலாம். நானும் ஏசலாம். இவர்தான் தட்டத்தை மூடினார்.

"இதைப் பக்கத்து வீட்டுக்குக் குடும். நாங்கள் பேசினபடியே இனியும் நடப்பமோ?"

"ஓம்" என்று அவசரப்பட்டுவிட்டேன். எத்தனை நாளைக்கு என்று முதலில் கேட்டிருக்க வேண்டாமா? சாகும்வரைக்கும் நான் ஏசக்கூடாதாம்!

நோய் அவருக்கு... பத்தியம் எனக்கு.