ஒரு லிட்டர் கடலின் எடை

தண்ணீர் பென்சில் கோட்டுக்கு அரை நூல் கீழே இறங்கியிருக்கிறது. பூபாலன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கடியிலிருந்து வெள்ளைக் கேனை இழுத்து, அரைச் சொம்பு கடல்நீரைக் கண்ணாடித் தொட்டியில் சாய்க்கிறார். கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுவார். 2007-ன் இந்தக் கோடையில், ஜோடி மீன் வந்த நாற்பது நாளாகக் காலையும் மாலையும் இது தவறியதில்லை. "கொறைஞ்சா நெரப்பணும். தொட்டின்னா அவ்ளோதான்" என்பார்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மை வார்க்கும் கம்பெனி ஒன்றில், பதினெட்டு வருடமாக ஸ்லிப் கலக்குகிறவர். ஸ்லிப் என்பது மோர்போலக் கரைத்த களிமண். அச்சில் ஊற்றினால் பிள்ளையாராகவும் குதிரையாகவும் எழுந்து வரும். ஊற்ற ஊற்றத் தொட்டியில் மட்டம் இறங்கும். அதே பதத்தில் இன்னும் கொஞ்சம் கலக்கி நிரப்ப வேண்டும். பதத்துக்கு அவருடைய அத்தாட்சி ஒன்றே: லிட்டர் மக்கில் மொண்டு தராசில் வைப்பது.

கடலூரில் பல் பிடுங்கப் போன இடத்தில்தான் கண்ணாடித் தொட்டிக்குள் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைப் பார்த்தார். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. அடுத்த மாதமே கடலூர் பஸ்ஸில் இருபது லிட்டர் கேனோடு வந்தார். கண்டக்டர் மூடியைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "பாண்டிச் சரக்குன்னு நெனைச்சேன்யா" என்றாராம்.

முதலில் வாங்கிய மூன்று மீன்களும் ஒரே வாரத்தில் போய்விட்டன. புதுத் தொட்டி பழக ஒரு மாதமாகும் என்று மீன் விற்ற சென்னைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். இவர் இரண்டாம் நாளே மீனை விட்டுவிட்டார். மனைவி சுபாஷினி அன்றைக்கே தீர்ப்பு எழுதினார்: "இனிமே ஒண்ணு செத்தாலும் தொட்டி வூட்டுல இருக்கக் கூடாது. வாயில்லா ஜீவனக் கொன்ன பாவம் நமக்கு வேணாம். மீறுனா கொளஞ்சியப்பர் கோயில்ல உங்க மேலயே சீட்டெழுதிப் பிராது கட்டுவேன்." பூபாலன் ஒப்புக்கொண்டு, ஒரு மாதம் பல்லைக் கடித்துக் காத்திருந்துதான் இந்த ஜோடியை வாங்கினார்.

வியாழக்கிழமை காலை, ஜோடியில் பெரியது தீனிக்கு வரவில்லை. மூலையில் ஒதுங்கி, துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, செவுளைப் படபடவென்று அடித்தது. பூபாலன் சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டார். உப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார் அவர். அளக்கும் கருவி இவரிடம் இல்லை. அப்படியானால் எடை போட்டுப் பாருங்கள், லிட்டர் ஆயிரத்து இருபத்தைந்து கிராம் இருக்க வேண்டும் என்றார்.

எடை பார்ப்பது இவர் தொழில். ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரோடு கம்பெனிக்கு ஓடினார். லிட்டர் மக்கைக் கழுவித் தராசில் வைத்தபோது, அச்சு ஊற்றும் மாயவன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, கடலயே அச்சுல ஊத்தப் போறியா?"

ஆயிரத்து முப்பத்து நான்கு. மறுபடி கழுவி மறுபடி வைத்தார். அதே முப்பத்து நான்கு.

"நான் ஊத்துனது பூரா கடல் தண்ணிதான்டா. எடை எப்படிக் கூடும்?"

மாயவன் தராசைப் பார்த்தபடியே கேட்டார்: "வெயில்ல ஸ்லிப்பு இறுகிப்போனா நீ இன்னாண்ணே ஊத்துவ?"

"பச்சத் தண்ணி."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. ஸ்லிப் குறைவது அச்சுக்குள் போவதால். மண்ணும் நீரும் சேர்ந்தே போகின்றன. வீட்டுத் தொட்டியில் வெயில் குடித்ததோ தண்ணீரை மட்டும். உப்பு அங்கேயே தங்கியது. அதன் தலையில் நாற்பது நாளாக, எண்பது முறை, தன் கையாலேயே உப்பைக் கொட்டியிருக்கிறார்.

லீவு சொல்லிவிட்டுத் தராசை இரவல் வாங்கி வந்தார். மறுபடி போன் போட்டபோது, ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்கு மேல் இறக்கக் கூடாது, அவசரப்பட்டால் மீன் தாங்காது என்றார் கடைக்காரர். தொட்டியிலிருந்து மூன்றரை லிட்டரை மொண்டு கொட்டிவிட்டு, அதே அளவு குடிநீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். பகல் ஒரு மணிக்குத் தராசு ஆயிரத்து முப்பத்திரண்டு காட்டியது. இன்றைய கணக்கு தீர்ந்தது.

பெரிய மீன் ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. சின்னது அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. தொட்டிப் பக்கமே வராத சுபாஷினி அடுக்களையிலிருந்து நிறைந்த சொம்போடு வந்து நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்களேன். எப்படி மூச்சு வாங்குது பாருங்க."

"நாளைக்குத்தான் ஊத்தணும்."

"நாளைக்கு வரைக்கும் இருக்குமாங்க?"

சொம்பு நீட்டியபடியே இருந்தது. பூபாலனின் வலது கை எழுந்து, அதன் விளிம்பு வரை போய், திரும்பி வந்தது. பிறகு ஸ்டூலில் நன்றாக நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, தன் முழு எடையையும் அவற்றின்மேல் வைத்துக்கொண்டார்.