அண்ணியோடு மூன்று முறை வேலூர்: கட்டியை முழுசாக எடுத்த கதை

மலை, அருவி, கோட்டை என்று பயணப் பதிவு எழுதிக்கொண்டிருந்தவளை ஆஸ்பத்திரிக்கு வழி சொல்ல வைத்த பெருமை என் அண்ணி ஸ்டெல்லாவைச் சேரும். போன ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவில் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு மூன்று முறை போய்வந்தோம். அண்ணிக்கு நாற்பத்தெட்டு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. மாதாமாதம் ரத்தம் கொட்டிக் கொட்டி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அண்ணன் லாரியில் வடக்கே போயிருந்ததால் துணைக்கு நான். எனக்கும் அண்ணிக்கும் இருபது வருடமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த ஆபரேஷன் என்று அண்ணி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். அண்ணியின் கம்பெனியில் பக்கத்து லைனில் வேலை பார்க்கும் கிரேஸ் அக்கா ஜூன் மாதம் எழுந்து நின்றார். அவருக்கும் இதே கட்டிதான். சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கட்டியை உள்ளேயே மெஷினால் துண்டு துண்டாக்கி எடுத்துவிட்டார்களாம். மூன்றாம் நாளே சமைத்தாராம். சபையே அல்லேலூயா சொன்னது. அன்றிலிருந்து எங்கள் சபைப் பெண்களிடம் அதற்குக் 'கிரேஸ் ஆபரேஷன்' என்றே பெயர். அவருக்குச் செய்த உள்ளூர் நர்சிங் ஹோமில் அண்ணிக்கும் அதையே செய்யலாம் என்றார்கள். வேலூரில் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

"உனக்கு ஊர் சுத்தணும். அதுக்கு என் வயிறுதான் கெடைச்சுதா?" என்றார் அண்ணி.

முதல் பயணம். காலை ஆறேகாலுக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அரசுப் பேருந்து. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் சுண்டல் ஏறும். வாங்குங்கள், நன்றாகவே இருக்கிறது. வேலூரில் இறங்கியதும் ஆட்டோக்காரர் நூற்றி இருபது கேட்டார்.

"இன்னாண்ணா, ரெண்டு கிலோமீட்டருக்கா?"

"கிலோமீட்டர் கம்மிதான்மா. டிராஃபிக் ஜாஸ்தியாச்சே, அதுக்கு யார் குடுப்பா?"

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. உங்களுக்காவது வரட்டும்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஸ்கேனைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். ஃபைப்ராய்டு என்பது பெரும்பாலும் சாதுவான கட்டி, புற்றுநோய் கிடையாது. ஆனால் மிக அபூர்வமாக, ஃபைப்ராய்டு போலவே தோன்றும் ஒரு புற்றுநோய் உள்ளே ஒளிந்திருக்கும். எந்த ஸ்கேனும் அதை ஆபரேஷனுக்கு முன்னால் உறுதியாகக் காட்டிக்கொடுக்காது. அப்படி ஒன்று இருந்து, அதை வயிற்றுக்குள்ளேயே மெஷின் வைத்துத் துண்டாக்கினால் துணுக்குகள் சிதறி நோய் பரவலாம். வயது ஏற ஏற அந்த ஆபத்தும் கூடும். சின்ன ஓட்டை ஆபரேஷன் கெட்டதென்று அவர் சொல்லவில்லை. கட்டியை ஒரு பைக்குள் போட்டு, பைக்குள்ளேயே துண்டாக்கி எடுக்கும் முறையும் இருக்கிறது. அதில் ஆபத்து குறையும், அடியோடு போகாது. "உங்க வயசுக்கும் இந்த சைசுக்கும், வயித்தைக் கீறி கர்ப்பப்பையோட முழுசா எடுக்கறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. ஆறு வாரம் ரெஸ்ட் வேணும். யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

அண்ணி வெளியே வந்து கேன்டீனில் உட்கார்ந்ததும் பொரிய ஆரம்பித்தார். "ஆறு வாரம் வீட்ல உக்காந்தா லைன்ல வேற ஆள் போட்ருவாங்க. பெரிய ஆஸ்பத்திரின்னாலே இப்டித்தான் பயமுறுத்துவாங்க. இரு, கிரேஸையே கேக்கறேன்." எனக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"கிரேஸ், உனக்கு கேன்சர் கீன்சர்னு எதாவது சொன்னாங்களாடி?"

"இன்னாடி வார்த்தை இது! நான் நல்லா இருக்கேன்."

"ரிப்போர்ட்ல அப்டித்தான போட்ருக்கு?"

"இன்னா ரிப்போர்ட்டு?"

"எடுத்த கட்டிய டெஸ்டுக்கு அனுப்பல?"

"அனுப்பறோம், அப்பறமா வந்து வாங்கிக்கோன்னாங்க. அதான் கர்த்தர் சொகமாக்கிட்டாரே, அத வாங்கி இன்னா பண்றது?"

அண்ணி போனை மேசையில் வைத்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "இவ சொன்னான்னு ஊரே ஆடுது. இவளுக்கே தெரியல பாரு," என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்கு சுகந்தி." இருபது வருடத்தில் அண்ணி என்னிடம் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுபடி உள்ளே போய், "முழுசாவே எடுத்துடுங்கம்மா. வேலை போனா போவட்டும்," என்றார்.

ஊர் திரும்பியதும் அண்ணி செய்த முதல் வேலை, கிரேஸ் அக்காவை அந்த நர்சிங் ஹோமுக்கு இழுத்துப் போனது. தனியாகப் போக கிரேஸ் அக்காவுக்குக் கால் வரவில்லையாம். இரண்டு மாதமாக அலமாரியில் கிடந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். சாதாரணக் கட்டிதான். கிரேஸ் அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாராம்.

இரண்டாவது பயணம் செப்டம்பர் முதல் வாரத்தில், ஆபரேஷனுக்கு. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் நாளைக்கு எழுநூறு ரூபாய் வாடகையில் லாட்ஜ். பக்கெட் சுத்தம், லிஃப்ட் கிடையாது. ஆபரேஷன் முடிந்ததும் கூட வந்தவர்களைக் கூப்பிட்டு எடுத்ததைக் காட்டுவார்கள். தைரியம் இல்லாதவர்கள் முன்பே சொல்லிவிடலாம். நான் சொல்லத் தவறிவிட்டேன். தட்டில், உரித்த தேங்காய் அளவுக்கு, உடையாமல் இருந்தது. "பாக்க சாதாரணமாத்தான் இருக்கு. ஆனா கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட் வரட்டும்," என்றார் டாக்டர். அந்த 'ஆனா'வைச் சுமந்துகொண்டுதான் ஊர் வந்தேன். அண்ணியிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

மூன்றாவது பயணம் ரிப்போர்ட்டுக்கு. தையல் முழுதாக ஆறாததால் கார். போக வர இரண்டாயிரத்து இருநூறு. வயிற்றின் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் வேகத்தடைகளில் வலி குறையும், இது அண்ணியின் கண்டுபிடிப்பு. டாக்டர் தாளைப் புரட்டினார். அண்ணி அவர் முகத்தையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கேன்சர் இல்லம்மா. வெறும் ஃபைப்ராய்டுதான்."

இரண்டு பேரும் அழுதோம். டாக்டர் டிஷ்யூ பெட்டியை எங்கள் பக்கம் தள்ளினார்.

திரும்பும்போது விரிஞ்சிபுரத்தில் காரை நிறுத்தச் சொன்னேன், பழக்கதோஷம். கோயில் கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்தோம். "இந்தச் சாமி பேருக்கு வழித்துணையா வர்றவர்னு அர்த்தம் அண்ணி," என்றேன். "நல்ல பேரு," என்றவர் எனக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். வழக்கம்போல ஒரு குத்தல் பேச்சு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

இனி வேலூர் கிளம்புகிறவர்களுக்கு. பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கட்டியை எப்படி வெளியே எடுப்பீர்கள், முழுசாகவா துண்டாகவா, துண்டென்றால் பைக்குள்ளா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அண்ணிக்குச் சரியானது உங்களுக்கும் சரி என்று நான் சொல்லமாட்டேன், அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு ஆஸ்பத்திரி கேன்டீனே போதும். ஆம்பூரைத் தாண்டி வந்துவிட்டு பிரியாணியைப் பற்றிக் கேட்காதீர்கள், அதற்குத் தனிப் பதிவே இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்து சர்ச்சில் சாட்சி நேரத்தில் அண்ணி எழுந்து நின்றார். "எனக்கு கேன்சர் இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சி, ஸ்தோத்திரம். மூணாம் நாள் நான் சமைக்கல. ஆறு வாரமும் என் நாத்தனார்தான் சமைச்சா. அதைச் சாப்பிட்டும் உயிரோட இருக்கேன், அதுக்கும் ஸ்தோத்திரம்." சபை சிரித்தது. அண்ணி உட்காரவில்லை. "இங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க எல்லாரும் ரிப்போர்ட்ட கையில வாங்கிட்டீங்களா?"

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பெண்கள் வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையிலிருந்த கிரேஸ் அக்கா மட்டும் "நான் வாங்கிட்டேன்!" என்று சத்தமாகச் சொன்னார்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவில் இருக்கும் ஒரு பெண் வந்து, போன வருஷம் வேலூரில் ஆபரேஷன் செய்துகொண்டதாகவும் ரிப்போர்ட்டுக்குப் போகவே இல்லை என்றும் தணிந்த குரலில் சொன்னார். "காலைல பஸ் எத்தன மணிக்குக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணி பதில் சொன்னார். "ஆறே காலுக்கு. வியாழக்கெழம ரெடியா இரு, நாங்க ரெண்டு பேரும் கூட வர்றோம்."